லிஸ்ட் போட்டவள்

அன்னக்கிளி ஆறு வருடமாக ஒருவன்மேல் கறுவிக்கொண்டிருந்தாள். அதை அவள் மறைத்ததும் இல்லை. செகந்திராபாத் பார்க் லேனில், கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இரண்டாம் மாடி மூலைக்கடை அன்னக்கிளிக்கும் தரைத்தளத்தில் படிக்கட்டை ஒட்டிப் பெரிய கடை வைத்திருக்கும் சுதர்சனுக்கும் ஆகாது என்று. ஏன் ஆகாது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் முக்கால்வாசி சுதர்சன் அவிழ்த்துவிட்டது.

நடந்தது இதுதான். இருவருடைய அப்பாக்களும் லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த குடும்பங்கள். அந்தப் பழக்கத்தில்தான் இருவரும் சேர்ந்து கடை போட்டார்கள். போர்டில் 'எஸ் ஏ கம்ப்யூட்டர்ஸ்' என்று எழுதினார்கள். எஸ் அவன், ஏ இவள். "நமக்குள்ள பத்திரம் கித்திரம் எல்லாம் கைக்கு, எதுக்கு அன்னம்? நக்கோ, வேணாம்" என்றான் சுதர்சன். அவளும் தலையை ஆட்டிவிட்டாள். அப்படி ஆட்டிய தலையில் தானே குட்டிக்கொள்ளாத நாள் பிறகு அவளுக்கு இல்லை.

சுதர்சனுக்கு வாய். மழைக்கு ஒதுங்கி நின்றவனைக்கூட ஒரு கீபோர்டாவது வாங்க வைத்து அனுப்புவான். அன்னக்கிளிக்குத் தலையும் கையும். எந்த பிராசசருக்கு எந்த மதர்போர்டு, அந்த மதர்போர்டில் எந்த மெமரி சண்டை போடாமல் உட்காரும், எந்த கிராபிக்ஸ் கார்டு எந்த கேபினெட்டுக்குள் அரை இஞ்ச் இடிக்கும் எல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. கையில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். கால் மணி நேரத்தில் லிஸ்ட் தயார். அவள் போட்டுக் கொடுத்த லிஸ்ட்டில் மாட்டிய மெஷின் திரும்பி வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

பதினோரு வருடம் அப்படி ஓடியது. பிறகு அவள் கணவர் குணசேகரன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்துவிட்டு அவள் கடைக்கு வந்தபோது போர்டு 'எஸ் கம்ப்யூட்டர்ஸ்' ஆகியிருந்தது. ஏ இருந்த இடத்தில் அதே நீலத்தை அடித்து மெழுகியிருந்தார்கள், கொஞ்சம் பளிச்சென்று தெரிந்தது. சுதர்சன் எழுந்துகூட நிற்கவில்லை. "ஸ்க்ரூ முடுக்குறதுக்கு ஆள் போட்டுக்கினேன் அன்னம். நீ உன் வூட்டுக்காரரப் பாத்துக்க" என்றான். கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, "நம்மகிட்ட ஸ்க்ரூ முடுக்கிக்கினு இருந்த அம்மா" என்று அறிமுகம் வேறு செய்துவைத்தான்.

அந்த ஸ்க்ரூ அன்றைக்கு அவள் நெஞ்சில் ஏறியது. இன்னும் இறங்கவில்லை. வெளியேற்றியதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பாள். லிஸ்ட் போட்டவளை ஸ்க்ரூ முடுக்கினவள் என்று சொன்னதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அதை அவன் வாயாலேயே, நாலு பேர் முன்னால், இல்லை என்று சொல்ல வைக்க வேண்டும். ஆறு வருடமாக அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதே கட்டடத்தில் மாடியில் ஒரு மூலையைப் பிடித்துத் தனியாகக் கடை போட்டாள். அங்கேயும் அவன் விடவில்லை. பார்க் லேனில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கடையில் உட்கார்ந்து லிஸ்ட் போட வைப்பார்கள், கடைக்காரர் வாங்கிக் கொடுக்கும் டீயையும் குடிப்பார்கள். பிறகு அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கி, எங்கே குறைத்துத் தருகிறார்கள் என்று பார்ப்பார்கள். இதைத் தப்பென்று அங்கே யாரும் நினைப்பதில்லை. ஆனால் அன்னக்கிளி கடையிலிருந்து இறங்குகிறவர் காலை எடுத்து வைப்பதே சுதர்சன் கடை வாசலில்தான். "மேல லிஸ்ட் போட்டாங்களா சார்? காட்டுங்க, பாக்கலாம்" என்பான். அதை வரி மாறாமல் தன் லெட்டர்பேடில் எழுதி, நூறு இருநூறு குறைத்து நீட்டுவான். லெட்டர்பேடின் தலையில் 'எங்கள் இருபது வருட அனுபவத்தில் தேர்ந்தெடுத்தவை' என்று வருடத்தைக் கூட்டிப் போட்டு அச்சடித்திருக்கும். அதைப் பார்த்த அன்று அன்னக்கிளி மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வேண்டுமென்றே தப்பும் தவறுமாக லிஸ்ட் போட்டு அனுப்பினால் என்ன என்று அவளும் யோசிக்காமல் இல்லை. ஒரு தடவை பேனாவைக்கூட எடுத்தாள். கை வரவில்லை. அடி விழப்போவது சுதர்சனுக்கு அல்ல, ஆசை ஆசையாகப் பணம் சேர்த்து வந்தவனுக்கு. தவிர, தப்பான லிஸ்ட்டை அன்னக்கிளி போட்டாள் என்று ஒரு தாள் ஊரில் உலவுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மே மாதம், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வர்ஷினி வந்தாள். இருபது வயதுக் கல்லூரிப் பெண். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனி. அம்மா அப்பா இருவரும் திருச்சியிலிருந்து வந்து ஐ.டி.யில் இருப்பவர்கள். தமிழ் நன்றாகப் புரியும், வாயைத் திறந்தால் மூன்று மொழியும் கலந்து வரும்.

"ஆன்ட்டி, கேமிங் பிசி. எய்ட்டி தௌசண்ட். மானிட்டர் ஆல்ரெடி உந்தி, வீட்ல இருக்கு. செகண்டுக்கு நூறு ஃப்ரேமாவது வரணும். கம்மி வந்தா படம் திக்கித் திக்கி ஓடும், என் வ்யூவர்ஸ் என்னை விடமாட்டாங்க."

"யாரு அவங்க?"

"நான் கேம் ஆடறதை லைவ்ல போடுவேன், ஆன்ட்டி. ரெண்டு லட்சம் பேர் ஃபாலோ பண்றாங்க."

அன்னக்கிளி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். எண்பதாயிரம் என்பது கேமிங்கில் ரெண்டுங்கெட்டான் தொகை. ஐம்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உள்ளதை எழுதலாம். ஒன்றரை லட்சம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். எண்பதில்தான் லிஸ்ட் போடுகிறவரின் தரம் தெரியும். எங்கே இழுத்துப் பிடிப்பது, எங்கே தாராளமாக விடுவது என்று தெரியாதவர் இந்தத் தொகையில் மாட்டிக்கொண்டு முழிப்பார்.

முதலில் கிராபிக்ஸ் கார்டை எழுதினாள். கேம் மெஷினில் பாதிப் பணத்தை அதுவே சாப்பிட்டுவிடும், சாப்பிடவும் வேண்டும். அடுத்தது பவர் சப்ளை. வர்ஷினி அதில் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டாள். "நக்கோ" என்றாள் அன்னக்கிளி. "சோறாக்குற அடுப்புல கை வைக்கக் கூடாது." கேபினெட்டுக்கு வர்ஷினி போனில் ஒன்றைக் காட்டினாள். மூன்று பக்கமும் கண்ணாடி, உள்ளே கல்யாண மண்டபம் போல விளக்கு. அன்னக்கிளி அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, முன்பக்கம் வலை போட்ட கேபினெட்டை எழுதினாள். "ஹைதராபாத் மே மாசத்துல கண்ணாடிப் பொட்டிக்குள்ள அந்தக் கார்டு வெந்துடும். லைட்டு ஃப்ரேம் குடுக்காதும்மா, காத்துதான் குடுக்கும்." மெமரி விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று குதித்துக்கொண்டிருந்த நேரம். மூன்று இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டு, இரண்டு குச்சியாக எழுதினாள். ஒரே குச்சியாக வாங்கினால் பாதி வேகம் வீண் என்பதையும் விளக்கினாள். வர்ஷினி ஒவ்வொன்றுக்கும் ஏன் ஏன் என்று கேட்டாள். கேட்கிறவர்களை அன்னக்கிளிக்குப் பிடிக்கும்.

"எங்க வாங்கப்போறே?" என்று கேட்டாள்.

பெண் கொஞ்சம் நெளிந்தாள். "எங்க சீப்போ அங்க, ஆன்ட்டி. ஸாரி. எங்க வாங்கறேனோ அங்கேயே லைவ் போடறேன். ஃபர்ஸ்ட் டைம் ஆன் பண்றது, கேம் ரன் ஆகறது எல்லாமே லைவ்."

அன்னக்கிளியின் பேனா பிராசசர் வரியில் வந்து நின்றது. இந்தப் பெண் கீழே இறங்குவாள். சுதர்சன் 'காட்டுங்க' என்பான். ரெண்டு லட்சம் பேர் என்று காதில் விழுந்தால் அடக்க விலைக்கும் கீழே இறங்கிவந்து அள்ளிக்கொள்வான். பிறகு கேமராவுக்கு முன்னால் அவனே நிற்பான். எட்வின் நிற்கமாட்டான். அவள் விலகியபின் அந்தக் கடையில் மெஷின் மாட்டுகிறவன் எட்வின். நல்ல வேலைக்காரன், ஆனால் சுதர்சன் அவனை வாடிக்கையாளர் கண்ணில்கூடக் காட்டுவதில்லை.

சுதர்சன் கடையில் ஆரம்ப நாளிலிருந்து ஒரு சடங்கு உண்டு. புது மெஷினை முன் மேசையில் வைத்து, நெற்றியில் வைப்பது போல கேபினெட்டில் குங்குமம் வைத்து, மானிட்டர் ஒயரை முதலாளியே தன் கையால் சொருகி சுவிட்சைத் தட்டுவார். கைராசி என்பான். மெஷின் வேலையில் அவன் அறிந்தது அந்த ஒரு ஒயர்தான். அதையும் சரியாக அறிந்ததில்லை.

கேபினெட்டின் முதுகில் மானிட்டர் ஒயரைச் சொருக இரண்டு இடம் இருக்கும். மேலே இருப்பது மதர்போர்டுடையது. கீழே, கொஞ்சம் மறைவாக இருப்பது கிராபிக்ஸ் கார்டுடையது. கேம் ஆடுகிறவன் கீழேதான் சொருக வேண்டும். மேலே சொருகினால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டு உள்ளே சும்மா தூங்கும். சுதர்சனுக்குக் கை எட்டின இடம் மேலேதான். தொடக்கத்தில் நாலைந்து தடவை அவன் அப்படிச் சொருகிவிட்டு வாயடித்துக்கொண்டிருக்கையில், அன்னக்கிளி துடைக்கிற சாக்கில் பின்பக்கம் போய் ஒயரைக் கீழே மாற்றியிருக்கிறாள். வாடிக்கையாளர் முன்னால் அவன் மூக்கு அறுபடக் கூடாதே என்று வாயைத் திறந்ததில்லை.

பிறகு அதற்கும் ஒரு வழி செய்தாள். பிராசசர்களில் இரண்டு வகை உண்டு. தானே படம் காட்டக்கூடிய சின்னச் சில்லு உள்ளே இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று. இல்லாததில் மேலே சொருகினால் மானிட்டர் இருண்டு கிடக்கும். அவனே முணுமுணுத்துக்கொண்டு கீழே மாற்றிவிடுவான். விலையும் குறைவு என்பதால் அன்றிலிருந்து அந்த வகையைத்தான் எழுதினாள். அவளைப் பார்த்து எழுதியவனும் அதையேதான் எழுதினான். ஆகவே சுதர்சன் மனதில் பதிந்தது ஒரே பாடம்: படம் வந்துவிட்டால் சரியான இடத்தில் சொருகிவிட்டோம்.

அன்னக்கிளி அந்த வரியில், சில்லு உள்ளே இருக்கிற பிராசசரை எழுதினாள். அதற்கேற்ற மதர்போர்டையும் எழுதினாள். கார்டு மாட்டினாலும் மேலே சொருகும் இடத்தைத் தானாக அணைக்காத போர்டு அது; அங்கே சொருகினாலும் படம் வரும்.

"இது ஆயிரத்து சொச்சம் அதிகம்தானே ஆன்ட்டி? இன்னொண்ணு சீப்பா உந்தி" என்றாள் வர்ஷினி, போனில் விலை பார்த்துக்கொண்டே.

"கார்டு என்னிக்காவது படுத்துக்கிச்சுன்னா ரிப்பேருக்குப் போயி ஒரு மாசம் ஆவும். அந்த ஒரு மாசம் உன் மெஷின் படம் காட்டணும் இல்ல? காலேஜ் வேலை இருக்கே."

சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அவள் தன் தங்கை மகளுக்கு மாட்டிக் கொடுத்ததும் அதே வகைதான். லிஸ்ட்டைக் கூட்டினாள். எழுபத்தொன்பதாயிரத்துச் சில்லறை. எண்பதாயிரத்துக்கு அதைவிட நல்ல லிஸ்ட் அந்தக் கட்டடத்தில் யாரும் போட முடியாது என்று கோவிலில் நின்று சத்தியம் செய்வாள்.

தாளை நீட்டும்போது மனம் ஒரு நொடி இடித்தது. இந்தப் பெண் அத்தனை பேர் முன்னால் கொஞ்ச நேரம் முழிக்க வேண்டிவரும். பாவம் அது. பத்து நிமிடம்தானே, நான் மேலேயே இருப்பேனே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, "ஏதாவது கோளாறு வந்தா கூப்புடு, நான் இங்கதான் இருப்பேன்" என்றாள்.

நினைத்தபடியே எல்லாம் நடந்தது. வர்ஷினி இறங்கிய கால் மணி நேரத்தில் கீழேயிருந்து சுதர்சனின் சிரிப்பு மாடிவரைக்கும் கேட்டது. சனிக்கிழமை நாலு மணிக்கு லைவ் என்று எட்வின் மறுநாள் வந்து சொன்னான். அவன் மத்தியானச் சாப்பாட்டை மாடி வராந்தாவில்தான் சாப்பிடுவான். "புது மாதிரி பிராசசர் போட்டிருக்கீங்க அக்கா" என்றான் டப்பாவைத் திறந்துகொண்டே. அன்னக்கிளி, "ஹவ், ஆமா" என்று மட்டும் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.

சனிக்கிழமை எட்வின் காலையிலேயே மெஷினை மாட்டி, விண்டோஸ் ஏற்றி, தன் மேசை மானிட்டரைக் கீழே சரியாகச் சொருகி கேமையும் ஓட்டிப் பார்த்து, நூற்றிருபது வருகிறது என்று முதலாளியிடம் ஒப்படைத்தான். மூன்றரைக்கே சுதர்சன் புதுச் சட்டை மாற்றிக்கொண்டு தயாராகிவிட்டான். அன்னக்கிளி மாடிக் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். அங்கிருந்து, நடுவே திறந்த முற்றத்தின் வழியாக, அவன் முன் மேசை நேராகத் தெரியும். இன்று பார்த்து அவன் கீழே சொருகித் தொலைத்தால் ஆறு வருடம் அதோடு போயிற்று.

வர்ஷினி போனை ஸ்டாண்டில் மாட்டி, "ஹாய் கைஸ்" என்று ஆரம்பித்தாள். சுதர்சன் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டான். "இந்த லிஸ்ட்டு நானே உக்காந்து, ஒவ்வொரு பார்ட்டா பாத்துப் பாத்து செலக்ட் பண்ணேன். இருபது வருஷ எக்ஸ்பீரியன்ஸ். நம்ம ட்வின் சிட்டீஸ்ல எய்ட்டி தௌசண்டுக்கு இப்படி லிஸ்ட்டு போடறதுக்கு வேற ஆளு கிடையாது" என்றான். வர்ஷினி வாயைத் திறந்து மூடினாள். அன்னக்கிளி கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குங்குமம் வைத்தான். மானிட்டர் ஒயரை எடுத்தான். கேபினெட்டின் பின்னால் பார்க்காமலேயே கையை விட்டு, கை எட்டின இடத்தில் சொருகினான். மேலே.

எட்வின் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "சார், அது..." என்று ஓர் அடி முன்னால் வைத்தான். சுதர்சன் கேமராவுக்குச் சிரித்த முகத்தை மாற்றாமலேயே பல்லுக்கிடையில், "நீ சும்மா இரு. உள்ள போ" என்றான். எட்வின் பின்வாங்கினான். பின்வாங்கும்போது தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான். அன்னக்கிளியும் அவனைப் பார்த்தாள். அவன் உள்ளே போய் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சுவிட்சைத் தட்டியதும் மானிட்டரில் படம் வந்தது. சுதர்சன் கை தட்டினான். வர்ஷினி கேமைத் திறந்தாள். திரையில் ஓடுகிறவன் ரெண்டடி ஓடி நின்றான், நின்று மறுபடி ஒரு குதி குதித்தான். மூலையில் ஃப்ரேம் கணக்கு பதினேழு என்று காட்டியது, பிறகு பதினான்கு.

"அங்கிள், செவன்டீன் காட்டுது."

"இப்பதானே ஸ்டார்ட் ஆவுது. சூடாவணும்மா."

இரண்டு நிமிடம் சூடாக விட்டார்கள். பன்னிரண்டு. வர்ஷினி போனில் வந்து குவியும் கமெண்ட்டுகளைப் படித்தாள். ஸ்லைடு ஷோவா என்று ஒருவன். அங்கிள் ஆபீஸ் மீட்டிங்குக்கு மெஷின் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று ஒருவன். என் அப்பாவின் பத்து வருட லேப்டாப் இதைவிட ஓடும் என்று இன்னொருவன். அவள் முகம் சிவந்தது. சுதர்சன் முதலில் கேமில் கோளாறு என்றான். பிறகு இன்டர்நெட் என்றான். இது இன்டர்நெட்டே இல்லாமல் ஆடுகிற கேம் என்று வர்ஷினி சொன்னாள். உள்ளே போனவரைக் கூப்பிடலாமே என்றாள். சற்று முன்னால் உள்ளே விரட்டிய எட்வினைக் கேமரா முன் கூப்பிட சுதர்சனுக்கு மனம் வரவில்லை. மின்விசிறிக்குக் கீழே நின்றும் சட்டை முதுகில் ஒட்டியது. பார்க்கிறவர்கள் பதினோராயிரம் என்று போன் காட்டியது. பக்கத்துக் கடைக்காரர்கள்கூட வாசலில் கூடிவிட்டார்கள்.

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். ஆறு வருடமாக அவள் காத்திருந்ததை, தப்பித்தால் போதும் என்ற அவசரத்தில் தானாகவே கக்கினான்.

"பாரும்மா, இந்த லிஸ்ட்டு என்னுது இல்ல. மேல இருக்காங்களே, அன்னக்கிளி, அவங்க போட்டது. புரியாம என்னமோ பிராசசர் எழுதியிருக்காங்க. நான் என்ன பண்றது?"

வர்ஷினி போனை ஸ்டாண்டிலிருந்து கழற்றி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "ஆனா அங்கிள், கொஞ்சம் முன்னாடி நீங்கதான் செலக்ட் பண்ணேன்னு இவங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்களே."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுதர்சனுக்கு வாய் அடைத்துப் போனதை அந்தக் கட்டடம் அன்றுதான் பார்த்தது. வர்ஷினி மாடியைப் பார்த்து, "ஆன்ட்டி, கொஞ்சம் வர்றீங்களா?" என்றாள்.

அன்னக்கிளி அவசரப்படவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கூட்டம் வழி விட்டது. மேசைக்கு முன்னால் வந்து நின்றவள் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுதர்சனைப் பார்த்தாள்.

"என்ன பண்ணணும்னு சொல்லு" என்றான் அவன், தாழ்ந்த குரலில்.

"சொல்றேன். முதல்ல நான் கேக்குறதுக்குச் சொல்லு. இந்த லிஸ்ட்டு யாரு போட்டது?"

"அதான் சொன்னேனே. நீதான்."

"போன மாசம் மல்காஜ்கிரி கேமிங் சென்டருக்குப் பத்து மெஷின் குடுத்தியே, அது?"

அவன் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. "நீ போட்டதுதான்."

"எஸ் ஏ கம்ப்யூட்டர்ஸ்னு போர்டு இருந்தப்ப, பதினோரு வருஷம் போன லிஸ்ட்டு?"

"அன்னம், எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்னுதான் கேக்குறேன்."

திரையில் அந்த மனிதன் பாதிக் குதியில் உறைந்து நின்றிருந்தான். வர்ஷினி போனை ஆடாமல் பிடித்திருந்தாள். சுதர்சன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். "எல்லாமே நீ போட்டதுதான். ஒண்ணுகூட நான் போட்டதில்ல. போதுமா?"

"நான் யாரு உன் கடையில? ஸ்க்ரூ முடுக்குறவளா?"

"இல்ல." கைக்குட்டையை மடித்தான். "பார்ட்னர்."

அன்னக்கிளிக்கு அந்த ஒரு சொல் குளிர்ந்த மோர் குடித்த மாதிரி உள்ளே இறங்கியது. இன்னும் நாலு கேள்வி கேட்கலாம் என்றுகூட நாக்கு ஊறியது. வர்ஷினி பாவம் என்று அடக்கிக்கொண்டாள்.

கேபினெட்டைப் பாதி திருப்பினாள், பின்பக்கம் கேமராவுக்குத் தெரியும்படி. மேலே சொருகியிருந்த ஒயரை உருவி, கீழே சொருகினாள். "கேமை மூடித் தொறம்மா" என்றாள். வர்ஷினி மூடித் திறந்தாள். திரையில் இருந்தவன் எழுந்து, வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஓடினான். மூலையில் நூற்றிருபத்திரண்டு. பிறகு நூற்று முப்பது.

வாசலில் கிளம்பிய சிரிப்பு மூன்று மாடிக்கும் ஏறியது. சிரிப்பைக் கேட்டு மற்ற கடைக்காரர்களும் கைப்பிடியில் வந்து எட்டிப் பார்த்தார்கள். வர்ஷினி கமெண்ட்டைப் படிக்க முடியாமல் சிரித்தாள். எட்வின் உள்ளே சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான், தோள் குலுங்கியது. இருபது வருட அனுபவத்துக்கு மானிட்டர் ஒயர் எங்கே சொருகுவது என்று தெரியவில்லை. பதினோராயிரம் பேர் அதைப் பார்த்தார்கள், அது போனில் பதிவாகியும்விட்டது.

அன்னக்கிளி போனைப் பார்த்து, "லிஸ்ட்டுல ஒண்ணும் கோளாறு இல்ல. ஒயரு கீழ இருக்கணும், மேல இருந்தது. அவ்வளவுதான்" என்றாள். அவள் கடை நம்பரைச் சொல்லச் சொல்லி வர்ஷினி கேட்டாள். சொன்னாள். மெஷினுக்கான பணம் சுதர்சன் கல்லாவுக்குத்தான் போயிற்று, அவளுக்கு அதில் ஒரு பைசா இல்லை. அவள் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்து அவள் படியேறும்போது சுதர்சன் பின்னாலேயே வந்தான். நாலு படி ஏறி நின்றான். கண் கலங்கியிருந்தது, கோபமா அவமானமா என்று சொல்ல முடியாது.

"நான் அங்கதான் சொருகுவேன்னு உனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியும்."

"ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாம் இல்ல அன்னம்? ஒரே கொழாயில தண்ணி புடிச்சவங்க நாம. இத்தினி பேரு முன்னாடி..."

அன்னக்கிளி திரும்பி, மேல்படியிலிருந்து அவனைப் பார்த்தாள்.

"நீ தப்பா சொருகினதையெல்லாம் யாருக்கும் தெரியாம மாத்தி வச்சவ நான். வாயத் தொறந்ததில்ல, உன் மானம் போவக் கூடாதுன்னு. அதுக்கு நீ என் எழுத்தைப் பெயின்ட் அடிச்சு அழிச்சே. அன்னிக்கு எத்தினி பேரு நின்னுட்டு இருந்தாங்கன்னு எண்ணிப் பாத்தியா?"

அவள் மேலே ஏறினாள். கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, அவனை நினைத்தால் பாவம் என்று தோன்றுகிறதா என்று தன்னையே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். கொஞ்சம்கூடத் தோன்றவில்லை.